எங்களுக்குத் தெரிய வேண்டாம், சொன்னால் போதும்

ஹரிபிரசாத் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். “வீட்டில் ஏதாவது குறை இருக்கிறதா?” என்று அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் செகரட்டரி லிமயே கேட்டபோது, இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

புனேயில் பழம் தின்று கொட்டை போட்ட குடித்தனக்காரர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. குழாயில் வர வேண்டிய தண்ணீர் கூரை வழியாக வந்துகொண்டிருந்தாலும் “சப் டீக், எல்லாம் சரி” என்று பல்லைக் காட்டிவிட்டு லிஃப்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். ஹரிபிரசாத் கோயம்புத்தூர்க்காரன். பெரியவர் ஒருவர் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன். விமான் நகரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கேயும் அவன் அப்படித்தான் இருந்தான், அங்கேயும் அதனால் நன்மை ஒன்றும் விளையவில்லை.

அவன் சொன்ன குறையும் பெரிதல்ல. வீட்டுக்காரர் துரைசாமி மேலே வருவதற்கு முன் ஒரு போன் போட்டுவிட்டு வந்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

வானவடியில் சுகநிவாஸ் சொசைட்டியில் துரைசாமிக்கு இரண்டு வீடுகள். தரைத்தளத்தில் அவரும் மனைவி பவுனும் இருந்தார்கள். மூன்றாவது மாடி வீட்டை ஹரிபிரசாத்துக்கும் அவன் மனைவி சுப்ரஜாவுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். துரைசாமிக்குப் பூர்வீகம் ஆற்காடு பக்கம். பிறந்து வளர்ந்தது புனேயை ஒட்டிய கட்கியில். வாழ்நாள் முழுக்க வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேல் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்பது அவர் புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்துகொண்டு, பவுன் கொடுத்தனுப்பிய குழம்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஓடுகிற மின்விசிறியை அணைத்து, சொட்டுகிற குழாயை இறுக்கிவிட்டுப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரிபிரசாத் இடுப்பில் வெறும் துண்டோடு கூடத்தில் நின்றபோது கதவு திறந்தது.

“அரே, துண்டோடவே இரு பேட்டா, ஒண்ணும் ஆவாது. நம்ம வூடுதானே” என்றார் துரைசாமி. அது நம்ம வீடுதான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, யாருடைய நம்ம என்பதில்தான் சிக்கல்.

மற்ற நாளாக இருந்தால் ஹரிபிரசாத் இதையெல்லாம் சிரித்துக்கொண்டு விட்டிருப்பான். ஆனால் சுப்ரஜாவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. போன வருஷமும் தள்ளிப்போனது. அப்போது உறுதியான அன்றைக்கே ஊர் முழுக்கச் சொன்னார்கள். அத்தை வளையல் அளவு கேட்டாள், மாமா பெயர் தேட ஆரம்பித்தார். பிறகு ஒரு காலையில் எல்லாம் கலைந்துபோயிற்று. சொன்ன ஒவ்வொருவருக்கும் மறுபடி போன் செய்து, இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் எப்படி ஆச்சு, என்ன தூக்கினாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். வயிற்று வலி ஆறிவிட்டது. அந்த போன்கள் ஆறவில்லை.

“இந்தத் தடவ மூணு மாசம் முழுசா முடியற வரைக்கும் நமக்கும் டாக்டருக்கும் மட்டுந்தாங்க தெரியோணும். எங்கம்மாவுக்குக்கூட வேண்டாம்” என்று சுப்ரஜா சொல்லியிருந்தாள். காலையில் அவளுக்குக் குமட்டல் தாங்கவில்லை. மாடிப்படி ஏறக்கூடாது, அலையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு மூடிய கதவு. அதைக் காப்பாற்றிக் கொடுக்கத்தான் ஹரிபிரசாத் வாயைத் திறந்தான்.

லிமயே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. புனேக்காரர்களுக்கே உரிய கலை ஒன்று அவர் கையில் குடியிருந்தது: அறிவிப்புப் பலகை எழுதுவது. ‘செருப்பை இங்கே விடவும். தொலைந்தால் நடந்து போகவும், உடலுக்கு நல்லது’ என்பது அவருடைய ஆரம்பகாலப் படைப்பு. எழுத விஷயம் கிடைக்காமல் பல மாதங்களாக வாடிக்கிடந்தவருக்கு ஹரிபிரசாத்தின் குறை மழையாக வந்து இறங்கியது. அவர் அதைச் சேர்மன் கர்னல் நிம்பால்கரிடம் கொண்டுபோனார். கர்னல் அதை அவசரக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

கூட்டம் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. பேச்சு இந்தியில், கோபம் மராத்தியில், தீர்மானம் மட்டும் ஆங்கிலத்தில். ஹரிபிரசாத்தின் இந்தி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதோடு முடிந்துவிடும். எனவே தன்னைப் பற்றிய கூட்டத்தில் அவன் பெரும்பாலும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே தன் நிலைமையைப் புரிந்துகொண்டான்.

“நண்பர்களே,” என்று கர்னல் எழுந்தார். “வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நல்லுறவு வேண்டும். நல்லுறவுக்கு அடிப்படை அந்தரங்கம். நான் ராணுவத்தில் எத்தனையோ சிப்பாய்களின் பெட்டிகளைத் திறந்து கொட்டிச் சோதனை போட்டவன். அந்தரங்கம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். இந்தக் கட்டடத்தில் ஒருவருடைய அந்தரங்கம்கூட என் பார்வையிலிருந்து தப்பாது என்று உறுதி கூறுகிறேன்.”

பலத்த கைதட்டல். ஏழு பேர் கொண்ட அந்தரங்கப் பாதுகாப்பு உபகுழு அங்கேயே பிறந்தது.

துரைசாமி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் ஹரிபிரசாத்தின் அருகில் வந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை.

“என்னாண்ட சொல்லியிருக்கலாமே பேட்டா. வராதன்னா நான் வரப்போறதில்ல. இந்தத் தேள எடுத்து எதுக்கு மடில வுட்டுகினே?”

“தப்புதானுங்க அங்கிள்” என்றான் ஹரிபிரசாத். அவனுக்கு அவமானமாக இருந்தது.

உபகுழு மறுநாளே மூன்றாவது மாடிக்கு வந்தது. போன் செய்யவில்லை. போன் மணி அடித்தால் குடித்தனக்காரரின் அமைதி குலையும் என்று விதி வகுத்திருந்தார்கள். ஏழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்கள். வீட்டுக்காரர் இந்தக் கோடு வரை வரலாம். அடுத்து சமையலறை. அதற்கடுத்து படுக்கையறை வாசலில் எல்லோரும் நின்றார்கள்.

“இது முழு அந்தரங்கப் பகுதி. இதற்குள் யாருக்கும் அனுமதி இல்லை” என்று கர்னல் அறிவித்துவிட்டு உள்ளே நுழைந்தார். மற்ற ஆறு பேரும் பின்னால் நுழைந்தார்கள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுப்ரஜா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். லிமயே அலமாரியைத் திறந்தார்.

“சார், அது...” என்றான் ஹரிபிரசாத்.

“கவலைப்படாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் எதைப் பாதுகாப்பது?” என்றார் லிமயே, மடித்த துணிகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைச் சுப்ரஜா சத்தமில்லாமல் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் சொந்த வீட்டில் திருடியைப் போல நிற்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த பிரச்சினை சாவி. துரைசாமியிடமிருந்த சாவியைக் கர்னல் பறிமுதல் செய்தார். அதை யார் வைத்திருப்பது என்று உபகுழு ஒரு நாள் முழுக்க விவாதித்தது. “ஒரு சாவி ஒருவரிடம் இருந்தால் அது துஷ்பிரயோகம். ஏழு பேரிடம் இருந்தால் ஜனநாயகம்” என்றார் கர்னல். ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டார்கள். அதற்கான கூலி ஹரிபிரசாத்தின் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்தது.

கதவில் லிமயேயின் பலகை ஏறியது. ‘இங்கே வசிப்பவர்கள் தனிமை விரும்புகிறார்கள். காரணம் கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எங்களிடமும் சொல்லவும்.’ அதுவரை அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத, எதிர்க் கட்டடமான ஏ விங் மக்கள் குடும்பத்தோடு வந்து பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள். சாயங்கால வேளைகளில் நல்ல கூட்டம். சிலர் கதவைத் தட்டி, உண்மையிலேயே தட்டக்கூடாதா என்று விசாரித்தார்கள்.

துரைசாமி குழம்பு கொண்டுவருவதற்கும் முறை வகுக்கப்பட்டது. முதல் நாளே வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் மாடிப்படியில் விசில் ஊதிக்கொண்டு முன்னால் போவார். எல்லை மீறல் நடக்காமல் பார்க்க உபகுழுவிலிருந்து இருவர் கூட வருவார்கள். முன்பு சத்தமில்லாமல் வந்த ஒரு கிண்ணம், இப்போது ஊர்வலமாக வந்தது. உடன் வந்தவர்கள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்கள்.

அந்தக் கிண்ணங்களில்தான் சுப்ரஜா ஒன்றைக் கவனித்தாள். ஆரம்பத்தில் பவுன் கருவாட்டுக் குழம்பு அனுப்புவாள். ஒரு முறை அது தொடாமலே திரும்பிப் போனது. கூடவே வந்த நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் வழித்துத் துடைத்துக் காலியாகப் போனது. அன்றிலிருந்து கருவாடு வரவில்லை. பூண்டு இல்லாத ரசம் வந்தது, சுட்ட அப்பளம் வந்தது, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய மாங்காய்க் கீற்று வந்தது. பவுன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் “நல்லா கீறியா கண்ணு” என்பாள், வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சுப்ரஜாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாததை ஒருத்தி சொல்லாமலே புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

உபகுழுவுக்கு அந்த நாகரிகம் எட்டவில்லை. வாராவாரம் அவர்கள் ஹரிபிரசாத்தைச் சொசைட்டி ஆபீஸ் அறைக்கு அழைத்தார்கள்.

“நீங்கள் மறைக்க விரும்பும் விஷயங்கள் எவை?” என்று கர்னல் கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க சார்.”

“பயப்படாதீர்கள். அவற்றைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்டுவிடக் கூடாது என்று கட்டடம் முழுக்க அறிவிக்கப் போகிறோம். எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்தால்தானே கேட்காமல் இருக்க முடியும்?”

ஹரிபிரசாத் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தான். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை உபகுழு புனே வழக்கப்படி தூங்கும். அந்த நேரத்தில் மட்டும் மூன்றாவது மாடியில் உண்மையான அந்தரங்கம் நிலவியது. சுப்ரஜா வாய்விட்டு அழ வேண்டுமானால் அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட்டாள்.

பதினோரு மாத ஒப்பந்தம் முடியும் காலம் நெருங்கியது. புதுப்பிக்க சொசைட்டியின் சம்மதம் வேண்டும். சம்மதம் வேண்டுமானால் பொதுக்குழுவில் உபகுழுவின் அறிக்கை வர வேண்டும். அது கிடைக்காவிட்டால் மாடி ஏறி இறங்கி வேறு வீடு தேடி, சாமான் கட்டி, இந்த நிலைமையில் சுப்ரஜாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. எப்படியாவது இந்த ஒரு கூட்டத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று இருவரும் வேண்டிக்கொண்டு போய் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

லிமயே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“உபகுழுவின் காவல் பணியில் நான் தினமும் காலையில் அந்தக் கதவில் காதை வைத்திருந்தேன். இவர்களை யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று கண்காணிக்க. யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன். ஆனால் தினமும் காலையில் உள்ளே யாரோ வாந்தி எடுக்கிறார்கள்.”

கூட்டத்தில் சலசலப்பு. தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று ஒருவர் கத்தினார். மஞ்சள் காமாலை என்றார் இன்னொருவர். முன் வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் திரும்பி, சுப்ரஜாவை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு மெல்லப் பூக்க ஆரம்பித்தது. சுப்ரஜாவின் கை ஹரிபிரசாத்தின் கையை நெரித்தது.

“திரு. ஹரிபிரசாத்,” என்றார் கர்னல். “அது உங்கள் சொந்த விஷயம். எங்களுக்குத் தெரிந்துகொள்ள எள்ளளவும் விருப்பமில்லை. தெரிவித்தால் மட்டும் போதும். தெரிவித்ததும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.”

ஹரிபிரசாத் எழுந்தான். வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த இந்தி முழுவதும் அவனைக் கைவிட்டுப் போய்விட்டது. முன் வரிசைப் பெண்மணியின் சிரிப்பு முழுதாகப் பூத்தது, அவள் பேச வாய் எடுத்தாள்.

“வாந்தி எடுத்தது நான்தான்” என்று பின்னாலிருந்து இந்தியில் குரல் வந்தது.

துரைசாமி நின்றுகொண்டிருந்தார்.

“நீங்களா?”

“நான்தான் சார். குடிச்சிட்டு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வருஷம் தவறாமல் காவடி எடுப்பவர் துரைசாமி. புது வருஷக் கொண்டாட்டத்தில் கர்னலே தன் கையால் ஊற்றிக் கொடுத்தும் எலுமிச்சைச் சாறு போதும் என்று கும்பிட்டவர். சொசைட்டியில் குடிக்கிற கணவர்களுக்கெல்லாம் மனைவிமார்கள் காட்டுகிற உதாரணம் அவர்தான்.

“காலையிலா?” என்றார் லிமயே.

“காலையிலதான். பவுன் பால் வாங்கப் போற நேரம். என் வூட்ல குடிக்க முடியாதே, மேல போயி இவங்க பாத்ரூம்ல குடிப்பேன். இந்தப் புள்ளைங்க மரியாதைக்காக வெளிய சொல்லல. ரம்மு. அதுக்கு மேல ஒரு நெல்லிக்கா கடிச்சிகினா வாசன வராது. சீசன் முடிஞ்சி நெல்லிக்கா கெடைக்கல, கொய்யா எலைய மென்னேன். அதான் ஒத்துக்கல.”

கர்னலின் புருவம் உயர்ந்தது. “சாவியை நான் பறிமுதல் செய்துவிட்டேனே. எப்படி உள்ளே போனீர்கள்?”

“உங்க ஏழு பேராண்டயும் சாவி கீதே சார். ஏழுல ஒரு நல்ல மனுஷன் குடுத்தாரு. அவருக்கும் ஒரு கிளாஸ் ஊத்துவேன்.”

“யார் அது?”

“அது அவரோட அந்தரங்கம் சார்” என்று துரைசாமி பணிவாகச் சொன்னார். “சொன்னா உபகுழு விதி மீறினதா ஆயிடும்.”

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கர்னல் லிமயேயைப் பார்த்தார். லிமயே பொருளாளரைப் பார்த்தார். அவர்களுடைய மனைவிமார்கள் ஏழு பேரையும் பார்த்தார்கள்.

அதற்குள் பவுன் எழுந்தாள். மாரில் அடித்துக்கொண்டு தமிழில் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கே பேர்.

“அட பாழாப்போன மனுஷா! நான் முருகனுக்கு வெளக்கேத்திகினு இருக்க சொல்ல நீ மேல ஊத்திகினு இருந்தியா! உன்ன நம்பியா ஆத்தா என்னக் கட்டிக் குடுத்தா!” என்று ராகம் போட்டாள். மூக்கைச் சிந்தினாள். குரலை இறக்காமல், அதே ராகத்தில் அழுதுகொண்டே தொடர்ந்தாள். “எம்மா சுப்ரஜா, நீ எழுந்து வூட்டுக்குப் போடி கண்ணு! இவ்ளோ நேரம் கால தொங்கப் போட்டுகினு ஒக்காராத, வீங்கிப் பூடும்! அந்த முன்னாடி கீற குண்டம்மா கண்ணுல படாத! அடுப்புல ரசம் கீது, சூடா குடிச்சிட்டு இடது பக்கமா படுத்துக்க! ஐயோ, நான் யாராண்ட சொல்லி அழுவேன்!”

முன் வரிசைப் பெண்மணி சொல்ல வந்ததை மறந்து, ஓடிவந்து பவுனைக் கட்டிக்கொண்டு தானும் கண்ணீர் விட்டாள். பெண்கள் எல்லோரும் பவுனைச் சூழ்ந்துகொண்டார்கள். சுப்ரஜா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. வீட்டுக்காரரின் ஒழுக்கக்கேட்டைப் பார்த்து அந்தச் சின்னப் பெண் எப்படி அழுகிறது பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது.

கர்னல் மேசையைத் தட்டினார். நெற்றியில் வேர்வை. “திரு. துரைசாமியின் இந்தப் பலவீனம் அவருடைய அந்தரங்கம். இதை யாரும் எங்கும் எப்போதும் பேசக் கூடாது. சாவி விஷயத்தை விசாரிப்பதும் அந்தரங்க மீறலே. உபகுழு தன் கடமையைச் செவ்வனே முடித்துக்கொண்டு கலைகிறது.” அதே மூச்சில் ஒப்பந்தப் புதுப்பிப்புக்குக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் காலை ஹரிபிரசாத்தின் வாசலில் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. பிரித்தால் சாவிகள். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தன. மூன்றாவது மாடிக் கதவிலிருந்த பலகை தரைத்தளத்துக்கு இறங்கி, புதிதாக எழுதப்பட்டிருந்தது. ‘இங்கு வசிக்கும் திரு. துரைசாமி குடிப்பது அவருடைய சொந்த விஷயம். அதைப் பற்றிக் கேட்க வருபவர்கள் முதலில் தங்கள் கணவர் எங்கே என்று பார்த்துவிட்டு வரவும்.’

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சுப்ரஜா கோயம்புத்தூருக்கு போன் செய்து அம்மாவிடம் சொன்னாள், போனை வைத்ததும் தரைத்தளத்துக்குப் போக வேண்டும் என்றாள். ஹரிபிரசாத்துக்கு அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. தன்னால் ஒரு நல்ல மனிதர் பெயர் கெட்டுக் கிடக்கிறதே என்று அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு நண்பனிடம் இந்தி வாக்கியங்களைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, ஒரு டப்பா பேடா இனிப்போடு கர்னல் வீட்டுக்குப் போனான்.

“சார், அன்னிக்கு துரைசாமி அங்கிள் சொன்னது உண்மை இல்லை. அவர் குடிக்க...”

கர்னல் உள்ளங்கையை உயர்த்தினார். “நிறுத்துங்கள். அது அடுத்தவர் அந்தரங்கம்.”

“இல்லை சார், வாந்தி எடுத்தது என் மனைவி. அவள்...”

“இளைஞரே, உங்கள் மனைவியின் அந்தரங்கத்தையும் நான் கேட்கத் தயாராக இல்லை. இந்தச் சொசைட்டிக்கு ஒரு பண்பாடு இருக்கிறது.” டப்பாவிலிருந்து ஒரு பேடாவை மட்டும் எடுத்துக்கொண்டார். கதவை மூடும் முன் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “துரைசாமியிடம் சொல்லுங்கள். எனக்கு ராணுவ கேன்டீனில் ரம் கோட்டா இருக்கிறது. அவருக்கு வேண்டுமானால் ஏற்பாடு செய்யலாம். அந்த இன்னொரு ஆள் யார் என்று எனக்கு மட்டும் சொன்னால் போதும்.”

இரண்டு மாதங்களாக அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருக்கிறது என்று குடைந்தெடுத்த மனிதர், அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். ஹரிபிரசாத்துக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. கீழே இறங்கி வந்தான்.

துரைசாமி வீட்டில் சுப்ரஜா ஏற்கனவே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பவுன் கன்னத்தில் கை வைத்தாள்.

“அடி கண்ணு! நெசமாவா? எனக்கு ஒண்ணுமே தெரியாதே! மூணு மாசமா ஒரு வார்த்த சொல்லலியே நீ!”

பொதுக்குழுவில் செய்த நடிப்பை இது தோற்கடித்தது. சுப்ரஜா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். முதல் முறையாக ஒருவர் நேரில் இந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படுவதை மட்டும் பார்க்கிறோம், பயமில்லாமல் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஆனா அங்கிள் பேரு எங்களால கெட்டுப்போச்சுங்க ஆன்ட்டி. கர்னல்கிட்டச் சொல்லப் போனேன், கேக்கவே மாட்டேங்கறாருங்க” என்றான் ஹரிபிரசாத்.

“அரே, டென்ஷன் எடுக்காத பேட்டா” என்றார் துரைசாமி, பேடாவை வாயில் போட்டுக்கொண்டு. “இத்தினி வருசம் யோக்கியனா இருந்தேன், ஒருத்தன் என்ன மதிக்கல. இப்ப லிமயே படில வழி வுடறான். கர்னலு ‘ஜி’ போட்டுக் கூப்புடறாரு.”

“பேரு கெடக்குது வுடு” என்றாள் பவுன். சுப்ரஜாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவள் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். “எனக்கு வேற ஒண்ணு வெளங்கல. குடிக்கறேன்னு சொன்ன, பொய்யி, சரி. நானும் சேந்து அழுதேன். ரம்முக்கு மேல நெல்லிக்கா கடிச்சா வாசன வராதுன்னு டக்குனு சொன்னியே. அது உனக்கு எப்டியா தெரியும்?”

துரைசாமி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

“இந்தாயா, உன்னத்தான் கேக்கறேன்.”

அவர் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“பவுனு, அதெல்லாம் கேக்கக் கூடாது. அது என் பிரைவசி” என்றார். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.